அமெரிக்க இயலாமைக் கொடுப்பனவு வழக்கில் சட்டத்தரணிக் கட்டணம்: திருகோணமலையிலிருந்து கணக்குப் பார்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஐக்கிய அமெரிக்காவில் வேலை பார்த்துவந்த மகனோ தங்கையோ நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய இயலாதவராகி, அங்குள்ள சோசல் செக்கியூரிட்டி நிருவாகம் இயலாமைக் கொடுப்பனவை மறுத்து, விடயம் நீதிமன்றத்துக்குப் போகும் கட்டத்தில், சட்டத்தரணி கொடுத்த கட்டண ஒப்பந்தம் வட்ஸ்அப் வழியாக உவர்மலைக்கோ உப்புவெளிக்கோ கிண்ணியாவுக்கோ வந்து சேர்வது இப்போது புதுமையன்று. இளைப்பாறிய ஆசிரியரான தகப்பனாரிடமோ, கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த பெரியப்பாவிடமோ “இதில் ஒப்பம் வைக்கலாமா, ஒருக்காப் பாருங்கோ” என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக வாசிப்பவருக்கும் அந்தப் பத்திரத்தின் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அது நாம் இங்கு பழகிய கட்டண முறையிலிருந்து அடியோடு வேறுபட்டது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வழக்குகளில் சட்டத்தரணிக்குரிய பணம் இரண்டு இடங்களிலிருந்து வரக்கூடும். ஒன்று, வழக்காளிக்குச் சேரவேண்டிய நிலுவைக் கொடுப்பனவு. மற்றது, அமெரிக்க அரசாங்கத்தின் பணம். நீதிமன்றத்தில் செய்த ஒரே வேலைக்காக இரண்டையும் பெற்ற சட்டத்தரணி, இரண்டில் சிறிய தொகையை வழக்காளியிடம் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அந்தத் தொகை பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டொலர். ஆனால் அது கைக்கு வரவேண்டிய நேரம் வரும்போது, அப்படியொரு பணம் இருக்கிறது என்பதையே குடும்பம் மறந்திருக்கும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்தப் பணத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே.

நம்மூர்ப் பழக்கமும் அங்குள்ள முறையும்

திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கொன்றை நடத்தியவர், புரொக்சியில் ஒப்பமிடும்போது ஒரு தொகையும் பின்னர் தவணைக்குத் தவணை ஒரு தொகையும் கொடுத்துப் பழகியவர். வழக்கு வென்றாலும் தோற்றாலும் கொடுத்தது கொடுத்ததுதான். எவ்வளவு கொடுப்பது என்பது சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு. அமெரிக்காவின் இயலாமைக் கொடுப்பனவு வழக்கில் இந்த இரண்டும் பொருந்தா. அங்கு சட்டத்தரணி பெரும்பாலும் வென்றால் மட்டும் பங்கு பெறும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். அதைவிட முக்கியமானது, இரு தரப்பாரும் ஒப்பமிட்டு இணங்கிய தொகையாக இருந்தாலும், நிருவாகத்தின் முன் செய்த வேலைக்கு நிருவாகமும் நீதிமன்றத்தில் செய்த வேலைக்கு நீதிபதியும் அனுமதி வழங்கினால் ஒழிய அவர் அக்கட்டணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நீதிமன்றம் அனுமதித்ததற்கு மேல் கேட்பதோ பெறுவதோ குற்றம். 500 டொலர் வரை தண்டமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் எனச் சட்டமே சொல்கிறது. ஆகவே “எல்லாம் பிறகு பார்ப்போம், இப்போதைக்கு இரண்டாயிரம் அனுப்புங்கள்” என்று யாராவது கேட்டால் உடனே உண்டியலிலோ வங்கியிலோ அனுப்பிவிடக் கூடாது. முற்பணம் வாங்குவது முழுதாகத் தடைசெய்யப்படவில்லை; ஆனால் அது தனியான பொறுப்புக் கணக்கில் இருக்கவேண்டும், கட்டண அனுமதி கிடைக்கும்வரை சட்டத்தரணி அதைத் தொடக்கூடாது. எந்தக் கணக்கில் வைக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

வேலையின் தன்மையும் வேறானது. இந்த வழக்கில் சாட்சிக்கூண்டு இல்லை. வழக்காளி பெரும்பாலும் நீதிமன்றப் படியேறுவதே இல்லை. நிருவாகம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கோவை, சில வேளை ஆயிரம் பக்கத்தையும் தாண்டுவது, அப்படியே நீதிபதியின் முன் வைக்கப்படும். நிருவாகத்தின் தீர்ப்பில் சட்டப் பிழை இருக்கிறதா, அதற்குப் போதிய சான்று இருக்கிறதா என்பதை மட்டும் அவர் பார்ப்பார். சட்டத்தரணியின் உழைப்பு முழுவதும் அந்தக் கோவையை வாசிப்பதிலும் எழுத்து வாதத்தை ஆக்குவதிலும் கழிகிறது. இருபது முதல் நாற்பது மணித்தியாலம் வரை செலவிடுவது இவ்வகை வழக்குக்கு இயல்பானது என்று பல நீதிமன்றங்கள் கருதிவந்துள்ளன. பின்னர் கட்டணத்தைச் சரிபார்க்கும்போது இந்த அளவு உங்களுக்குத் தேவைப்படும்.

எந்தப் படியில் எந்தக் கட்டணம்

விண்ணப்பம், மீள்பரிசீலனை, நிருவாக நீதிபதியின் முன் விசாரணை, மேன்முறையீட்டு மன்றம் என்ற நான்கு படிகளும் நிருவாகத்துக்கு உள்ளேயே நடப்பவை. நான்கிலும் தோற்ற பிறகே சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கான காலம் மேன்முறையீட்டு மன்றத்தின் அறிவித்தல் கிடைத்ததிலிருந்து 60 நாள். அறிவித்தலில் உள்ள திகதியிலிருந்து ஐந்தாம் நாள் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். சட்டத்தரணியைத் தேடுவதிலேயே இந்தக் காலம் கழிந்துவிடுவதுண்டு. நியாயமான காரணம் இருந்தால் கால நீடிப்பை மேன்முறையீட்டு மன்றத்திடமே எழுத்தில் கேட்கலாம்.

நிருவாகப் படிகளில் செய்த வேலைக்குரிய கட்டணத்தைச் சட்டத்தரணிகள், சட்டப் பிரிவின் எண்ணை வைத்து, 406(ஏ) கட்டணம் என்பர். முன்கூட்டியே சமர்ப்பித்த ஒப்பந்தத்தின்படி அது நிலுவையின் 25 வீதம் அல்லது நிருவாகம் நிர்ணயித்த உச்சத்தொகை, இரண்டில் எது குறைவோ அது. அந்த உச்சத்தொகை 2009 முதல் 6,000 டொலராக இருந்து, 2022 நவம்பர் 30 முதல் 7,200 ஆகவும், 2024 நவம்பர் 30 முதல் 9,200 ஆகவும் உயர்ந்தது. பல ஒப்பந்தங்களில் ஒரு சிறிய வாசகம் இருக்கும்: முதல் விசாரணையிலேயே வென்றால் மட்டும் இந்த உச்சம் பொருந்தும், மேன்முறையீடு வரை போனால் பொருந்தாது என்று. அப்படியானால் சட்டத்தரணி தன் மணித்தியாலக் கணக்கைக் காட்டித் தனி மனுமூலம் நிருவாகத்திடம் கட்டணம் கேட்பார். இந்த வாசகம் நேர்மையற்றது அல்ல; ஆனால் “ஒன்பதாயிரத்துக்கு மேல் போகாது” என்று நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் செய்த வேலைக்குரியது 406(பி) கட்டணம். இதற்கு டொலரில் உச்சம் இல்லை. அந்தத் தீர்ப்பினால் கிடைத்த நிலுவையின் 25 வீதத்துக்கு மேற்படாத நியாயமான தொகையை நீதிபதி அனுமதிக்கலாம் என்பதே விதி. நிலுவையிலிருந்து மட்டும் வருவதால், வழக்கு முடிந்தபின் மாதந்தோறும் வரும் கொடுப்பனவில் நீதிமன்ற வேலைக்காக யாரும் பங்கு கேட்க முடியாது. அதே வேளை, நிலுவை என்பது வழக்காளியின் பணம் மட்டுமன்று. அவருடைய கணக்கின் பேரில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேரும் நிலுவையும் இந்த 25 வீதக் கணக்கில் அடங்கும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1968 இல் ஹொப்கின்ஸ் எதிர் கோஹன் வழக்கில் தீர்த்தது. திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பெற்று மொழிபெயர்த்து அனுப்பும்போது, அவை கொடுப்பனவுக்கு மட்டுமல்லாமல் கட்டணத்தின் அளவுக்கும் அடிப்படையாகின்றன என்பதை நினைவில் வைத்திருங்கள். அனுப்பாமல் விடுவது ஒரு வழியாகாது. பிள்ளையின் பங்கில் முக்கால்வாசியாவது குடும்பத்துக்கே வருகிறது.

இன்னொரு தீர்ப்பையும் அறிந்திருப்பது அவசியம். நிருவாக வேலைக்கும் நீதிமன்ற வேலைக்கும் சேர்த்து 25 வீதந்தான் உச்சம் என்று பல இடங்களில் நீண்டகாலம் கருதப்பட்டது. 2019 ஜனவரியில் கல்பர்ட்சன் எதிர் பெரிஹில் வழக்கில், அந்த உச்சம் நீதிமன்ற வேலைக்கு மட்டுமே உரியது என்று உயர் நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. ஆகவே இரண்டு கட்டணமும் சேர்ந்து 25 வீதத்தைத் தாண்ட இடமுண்டு. நிருவாகமோ நிலுவையில் ஒரேயொரு 25 வீதத்தைத்தான் பிடித்து வைக்கிறது. அது போதாதபோது மீதியைச் சட்டத்தரணி வழக்காளியிடமே கேட்பார். அதற்குள் நிலுவைப் பணம் கடன் அடைக்கவும் வாடகைக்கும் செலவாகியிருக்கும். இதற்கு ஒரே காப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. “எல்லாப் படிகளுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் நிலுவையின் 25 வீதத்தைத் தாண்டாது” என்ற வரியைச் சேர்க்கும்படி ஒப்பமிடுமுன் கேளுங்கள். இதற்கு உடன்படும் சட்டத்தரணிகள் பலர் உண்டு. உடன்படாதவர் கெட்டவர் என்றும் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டபோது அவர் எவ்வளவு தெளிவாக விடை சொன்னார் என்பதிலிருந்து நீங்கள் பலவற்றை அறிந்துகொள்ளலாம்.

அரசாங்கம் கொடுக்கும் கட்டணம்

1980 இல் இயற்றப்பட்டு 1985 இல் நிலைபெற்ற ஒரு சட்டத்தின்படி, அரசாங்கத்துக்கு எதிராக வழக்காடி வென்ற சாதாரண மனிதரின் சட்டத்தரணிக் கட்டணத்தை அரசாங்கமே செலுத்த நேரிடலாம். அதன் நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை; சட்டத்தரணிகள் அதை ஈஜா என்பார்கள். வழக்காளி வென்ற தரப்பாக இருக்க வேண்டும். அவருடைய சொத்தின் பெறுமதி வழக்குத் தொடுத்தபோது 20 இலட்சம் டொலரைத் தாண்டியிருக்கக் கூடாது. மனு உரிய காலத்தில், மணித்தியாலக் கணக்குடன் போக வேண்டும். தன்னுடைய நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இருந்தது என்று அரசாங்கம் காட்டிவிட்டால் பணம் இல்லை. அதைக் காட்டும் சுமை அரசாங்கத்தின் மீதே இருக்கிறது. மணித்தியாலத்துக்கு 125 டொலர் என்பது சட்டத்தில் உள்ள வீதம். வாழ்க்கைச் செலவு உயர்வைச் சேர்ப்பதால் அண்மைய ஆண்டுகளில் நடைமுறையில் அது 250 டொலரை ஒட்டி வந்திருக்கிறது.

வென்ற தரப்பு என்பதற்கு இங்கு தாராளமான பொருள் உண்டு. நீதிபதி நேரடியாகக் கொடுப்பனவை வழங்குவது அரிது. பெரும்பாலும் நிருவாகத்தின் தீர்ப்பைத் தள்ளி, மீண்டும் விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்புவார். தீர்ப்புடன் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டாலே வழக்காளி வென்றவராவார் என்று 1993 இல் ஷலேலா எதிர் ஷேஃபர் வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. எனவே கொடுப்பனவு கிடைக்குமா என்பது தெரியுமுன்னரே ஈஜாப் பணம் வந்துவிடலாம். தீர்ப்பின் பின் மேன்முறையீட்டுக்குரிய 60 நாள் கழிந்து, அதற்கடுத்த 30 நாளுக்குள் மனு போகவேண்டும். தவறினால் அந்த வாய்ப்புப் போய்விடும். நீதிமன்றம் திருப்பி அனுப்பிய செய்தி கிடைத்தவுடன் “ஈஜா மனு எப்போது போகிறது” என்று சட்டத்தரணியிடம் கேட்டு விடையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சட்டத்தரணி அரசாங்கத்திடம் பணம் வாங்குவதால் நமக்கென்ன என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பணம் சட்டப்படி வழக்காளியினுடையது. 2010 இல் அஸ்ட்ரூ எதிர் ராட்லிஃப் வழக்கில் உயர் நீதிமன்றம் அவ்வாறே கூறி, அதனால் வழக்காளி சமஷ்டி அரசுக்குச் செலுத்த வேண்டிய பழைய கடனை அத்தொகையிலிருந்து அரசு கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. கட்டாமல் விட்ட கல்விக் கடனோ வரியோ இருந்தால் முதலிலேயே சட்டத்தரணிக்கு அறிவிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பின் பின்னர், ஈஜாப் பணத்தைச் சட்டத்தரணிக்கு ஒப்படைப்பதாக ஒரு வாசகம் கட்டண ஒப்பந்தங்களில் வழக்கமாகவே இடம்பெறுகிறது. அப்படி ஒப்பமிட்டிருந்தும் காசோலை வழக்காளியின் பெயரில் வீட்டு முகவரிக்கு வந்தால், அதை மாற்றிச் செலவழித்துவிடக் கூடாது. சட்டத்தரணிக்கு அறிவித்த பின்பே தொடவேண்டும்.

கணக்கு முடியும் இடம்

திருப்பி அனுப்பப்பட்ட வழக்கில் புதிய விசாரணை நடந்து, கொடுப்பனவு கிடைத்து, நிருவாகம் நிலுவையைக் கணக்கிட்டு அறிவித்தல் அனுப்பும்போது, ஈஜாப் பணம் கைமாறி ஓராண்டுக்கு மேலாகக்கூட ஆகியிருக்கலாம். குடும்பம் மறப்பது அதனால்தான். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

நீதிமன்றத்தில் 30 மணித்தியாலம் உழைத்த சட்டத்தரணிக்கு, மணித்தியாலத்துக்கு 240 டொலர் வீதம், ஈஜாவின் கீழ் 7,200 டொலர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பின்னர் வழக்காளிக்கு 60,000 டொலர் நிலுவை கிடைக்கிறது. நிருவாகம் 45,000 டொலரை வழக்காளிக்குக் கொடுத்து, 15,000 டொலரைக் கட்டணத்துக்காகப் பிடித்து வைக்கிறது. நிருவாக வேலைக்கு 6,000 டொலரும் நீதிமன்ற வேலைக்கு 9,000 டொலரும் அனுமதிக்கப்படுகின்றன. பிடித்து வைத்தது அத்துடன் தீர்ந்துவிடுகிறது. இப்போது நீதிமன்ற வேலைக்காகச் சட்டத்தரணியிடம் 9,000, 7,200 என இரண்டு தொகைகள் இருக்கின்றன. சிறியதான 7,200 டொலரை அவர் வழக்காளிக்குத் திருப்பவேண்டும். அப்போது வழக்காளியின் கையில் சேர்வது 52,200 டொலர். திருப்பாவிட்டால் 45,000 டொலரோடு கதை முடியும். நிருவாகம் அனுப்பும் அறிவித்தலில் இந்தக் குறையைக் காட்டும் வரி எதுவும் இராது.

ஒப்பிட வேண்டியவை நீதிமன்ற வேலைக்குரிய இரண்டு தொகைகளே. நிருவாக வேலைக்கான 6,000 டொலரை இதில் கலக்கக் கூடாது. 406(பி) தொகை ஈஜாத் தொகையைவிடச் சிறியதாக அமைந்தால், திரும்பி வருவது 406(பி) தொகையே. சில சட்டத்தரணிகள் காசோலை எழுதுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே பெற்ற ஈஜாத் தொகையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் நீதிபதியிடம் கேட்பார்கள். எல்லா நீதிமன்றங்களும் இதை விரும்புவதில்லை. ஆனால் கணக்குச் சரியாக இருந்தால் வழக்காளிக்கு நட்டமில்லை, பிடித்து வைத்த பணத்தில் எஞ்சியதை நிருவாகமே அவருக்கு அனுப்பும். மீள்விசாரணையில் வழக்காளி தோற்றுவிட்டாலோ நிலுவையும் இல்லை, 406(பி) கட்டணமும் இல்லை. ஈஜாப் பணம் சட்டத்தரணியிடமே இருக்கும், அவர் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

கட்டணம் செலுத்தும்போது நிருவாகம் சட்டத்தரணியின் பங்கிலிருந்து 6.3 வீதம் வரையான ஒரு பணிக்கட்டணத்தைக் கழிக்கும், அதற்கும் உச்சமுண்டு. அதைச் சட்டத்தரணியே ஏற்கவேண்டும். வழக்காளியிடம் வசூலிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. பட்டியலில் அது வழக்காளியின் செலவாகத் தோன்றினால் சுட்டிக்காட்டுங்கள்.

செலவு என்பது கட்டணத்திலிருந்து வேறானது. மருத்துவ அறிக்கைகளின் பிரதி, தபால், நீதிமன்றத்தில் வழக்குப் பதியும் 405 டொலர் போன்றவை தோற்றாலும் வழக்காளியின் பொறுப்பாகலாம். ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வருமானம் குறைந்தவர் 405 டொலரை முன்கூட்டிச் செலுத்தாமல் வழக்காட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். வேலையற்றிருக்கும் இயலாமை வழக்காளிகளுக்கு இது கிடைப்பது அரிதன்று. கேட்காமலே 405 டொலரை இங்கிருந்து அனுப்பச் சொல்லும் சட்டத்தரணியிடம் காரணத்தை வினவலாம். நிருவாகத்தின் விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளரை நிருவாகமே கட்டணமின்றி ஏற்பாடு செய்யும் என்பதால், அந்தப் பெயரில் ஒரு தொகை செலவுப் பட்டியலில் இருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும்.

கேட்ட தொகை நியாயமானதா

25 வீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் நீதிபதி 25 வீதத்தையே கொடுக்க வேண்டும் என்றில்லை. 2002 இல் கிஸ்பிரெக்ட் எதிர் பார்ன்ஹார்ட் வழக்கில் உயர் நீதிமன்றம், ஒப்பந்தத்தை மதித்துத் தொடங்கினாலும் கேட்கப்படும் தொகை நியாயமானது என்று சட்டத்தரணியே காட்டவேண்டும் என்றது. வேலையின் தரம் குறைவாக இருந்தாலோ, சட்டத்தரணியே வழக்கைத் தாமதப்படுத்தி நிலுவையை வளரவிட்டிருந்தாலோ, செலவிட்ட நேரத்துக்கு ஒவ்வாத அளவுக்கு நிலுவை பெரியதாக இருந்தாலோ குறைக்கலாம். தாமதத்தைப் பற்றிய இந்தக் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. வழக்கு நீள நீள நிலுவை வளர்கிறது, அதனுடன் 25 வீதமும் வளர்கிறது. வாடிப்போய்க் காத்திருப்பவர் வழக்காளி, வளரும் பங்கோ சட்டத்தரணியினுடையது. 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நிருவாகம் கோவையைத் தாக்கல் செய்து 30 நாளில் வழக்காளியின் எழுத்து வாதமும், அதன்பின் 30 நாளில் அரசின் மறுமொழியும், மேலும் 14 நாளில் அதற்கு வழக்காளியின் பதிலும் வரவேண்டும். சட்டத்தரணி எத்தனை தரம் கால நீடிப்புக் கேட்டார் என்பதை வழக்கின் நடவடிக்கைப் பட்டியலிலிருந்து எண்ணலாம்.

அந்தப் பட்டியலைப் பேசர் என்ற நீதிமன்ற இணையத்தளத்தில் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சதம். மூன்று மாதத்தில் மொத்தம் 30 டொலரைத் தாண்டாவிட்டால் அறவிடப்படுவதில்லை. சோசல் செக்கியூரிட்டி வழக்குகளில் மருத்துவக் கோவை பொதுமக்களுக்கு இணையத்தில் திறக்காது. நடவடிக்கைப் பட்டியலும் நீதிபதியின் கட்டளைகளும் மட்டும் தெரியும். கட்டணக் கணக்குக்கு அவையே பெரும்பாலும் போதும். ஈஜாத் தொகையும் 406(பி) தொகையும் அனுமதிக்கப்பட்ட கட்டளைகள் இரண்டும் திகதியோடு அங்கே இருக்கும். சட்டத்தரணி சொன்ன எண்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

406(பி) மனுவின் பிரதியை வழக்காளிக்கு அனுப்பும்படி பல நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. கிடைத்தவுடன் கேட்கும் தொகையை மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 9,000 டொலரை 30 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 300 வருகிறது. தோற்றிருந்தால் ஒன்றும் கிடைத்திராது என்ற ஆபத்தை எண்ணும்போது இது அதிகமன்று. அதே 30 மணித்தியாலத்துக்கு 45,000 கேட்டால் 1,500 வருகிறது. அதற்கு மேல் அனுமதித்த நீதிபதிகளும் உண்டு, வெட்டிக் குறைத்தவர்களும் உண்டு. ஆட்சேபம் இருந்தால் வழக்காளி நீதிபதிக்குத் தாமே கடிதம் எழுதலாம். அரசாங்கத்தின் சட்டத்தரணி இந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்பாக அல்லாமல், ஓரளவுக்கு வழக்காளியின் அறங்காவலர் போலவே கருத்துச் சொல்வார்; அவர் ஆட்சேபித்தாரா என்பதையும் கவனியுங்கள். நிருவாக வேலைக்கான கட்டணம் பற்றிய ஆட்சேபத்துக்குக் காலம் குறுகியது: ஒப்பந்தப்படி அனுமதிக்கப்பட்ட தொகையை மீளாய்வு செய்யும்படி அறிவித்தல் கிடைத்து 15 நாளுக்குள் எழுதவேண்டும். அந்தக் கடிதம் இங்கு படமாக வந்து, ஒருவர் வாசித்து, மற்றவர் விளக்கி முடியுமுன் பாதி நாள் போய்விடும் என்பதால் திகதியை முதலில் பாருங்கள்.

இங்கிருப்பவர் எதைச் செய்யலாம்

வழக்காளியின் சார்பில் கையெழுத்திடத் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொடுப்பனவைப் பெறுவதற்கோ கையாள்வதற்கோ சோசல் செக்கியூரிட்டி நிருவாகம் அற்றோணித் தத்துவத்தை ஏற்பதில்லை. பணத்தைத் தாமே நிருவகிக்க இயலாதவருக்கு நிருவாகமே ஒரு பிரதிநிதிப் பெறுநரை நியமிக்கும். சட்டத்தரணியை நியமிப்பதற்கு எஸ்.எஸ்.ஏ. 1696 என்ற படிவம் உண்டு. ஆகவே அந்தப் பத்திரத்துக்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, மொழிபெயர்ப்புக்குச் செலவிடுங்கள்.

சிகிச்சைக்கென்றோ தாயாரைப் பார்க்கவென்றோ வழக்காளி ஊருக்கு வர எண்ணினால் முதலில் சட்டத்தரணியைக் கேட்கவேண்டும். வருமானம் குறைந்தோருக்கான எஸ்.எஸ்.ஐ. கொடுப்பனவு, தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். திரும்பிச் சென்று தொடர்ந்து 30 நாள் அங்கு இருந்த பின்பே மீண்டும் தொடங்கும். வழக்கு நடக்கும் காலத்தில் இப்படிக் கழியும் மாதங்கள் நிலுவையிலிருந்து போய்விடும். உழைப்பின் பேரில் வரும் இயலாமைக் காப்புறுதிக்கு விதி வேறு. பிரசாவுரிமை இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்குவதில் அங்கும் சிக்கல் வரலாம்.

இங்கிருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை கோவை பேணுவது. கட்டண ஒப்பந்தம், நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிய கட்டளை, ஈஜாக் கட்டளை, நிலுவையை அறிவித்த கடிதம், நிருவாகம் கட்டணம் அனுமதித்த கடிதம், 406(பி) கட்டளை ஆகிய ஆறு பத்திரங்கள் ஒரே இடத்தில் இருந்தால் எந்தக் கணக்கையும் சரிபார்த்துவிடலாம். நோயாளியின் வீட்டில் அவை சிதறிப்போவது இயல்பு. வந்தவுடன் படமெடுத்து அனுப்பச் சொல்லி இங்கு சேர்த்து வையுங்கள்.

406(பி) கட்டளை வந்து சில வாரங்களில் திருப்புதொகை வராவிட்டால் சட்டத்தரணிக்கு எழுத வேண்டும். கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம். ஈஜாவின் கீழ் எத்திகதியில் எவ்வளவு கிடைத்தது, அதில் அரசு ஏதேனும் கழித்ததா, 406(பி) இன் கீழ் எத்திகதியில் எவ்வளவு கிடைத்தது, இரண்டில் சிறிய தொகையை எப்போது அனுப்புகிறீர்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். பெரும்பாலான அலுவலகங்களில் இந்தக் கடிதத்துக்கே காசோலை வந்துவிடும். வராவிட்டால் கட்டளை வழங்கிய நீதிமன்றத்துக்கும், அந்த மாநிலத்தின் சட்டத்தரணிகள் ஒழுக்காற்று அமைப்புக்கும் எழுதலாம். கடிதத்தை இங்கு யார் எழுதிக் கொடுத்தாலும் ஒப்பம் வழக்காளியினுடையதாகவே இருக்கவேண்டும்; அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தகப்பனாருக்குக்கூட விடை சொல்லச் சட்டத்தரணிக்கு உரிமையில்லை என்பதால், அந்தச் சம்மதக் கடிதத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே வாங்கி வைப்பது நல்லது.